பூஞ்சையா சட்டம் போட்டது?

போன மழைக்காலத்தில் என் வாடகை வீட்டுப் படுக்கையறையில், அலமாரிக்குப் பின்னால், சுவரெங்கும் கருப்பாகப் பூசணம் படர்ந்திருந்தது. மூன்று வாரமாக எனக்குத் தும்மல் நிற்கவில்லை. பூசணத்தைக் கொல்லும் பெயின்ட் அடித்துவிடலாம் என்றேன். பார்க்க வந்த கொத்தனார் சிரித்தார். "பூசணம் காத்துலயே இருக்குது சார். எத்தனை தடவை அடிச்சாலும் வரும். மேல் வீட்டுக் குழாய் ஒழுகுது பாருங்க, முதல்ல அதை அடைங்க."

அவர் சொன்னது அறிவியல்தான். வெளிக்காற்றிலும் வீட்டுக் காற்றிலும் பூஞ்சை வித்துகள் எப்போதும் மிதக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிறது. விழுகிற இடம் தோதாக இருந்தால்தான் முளைக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு ஹாரி மார்ஷல் வார்ட் ஞாபகம் வந்தார்.

1869-ல் இலங்கையின் மடுல்சீமைப் பக்கம் காபி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் தென்பட்டது. இங்கிலாந்தில் அதைப் பரிசோதித்த பெர்க்லி, 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். வித்தின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முள். பெயரின் முதல் பாதி அதைத்தான் சொல்கிறது. இரண்டாவது பாதிக்கு 'நாசகாரி' என்று அர்த்தம். அப்போது இலங்கையின் மலைநாடே காபியை நம்பித்தான் இருந்தது. இலைகள் உதிர்ந்தன, விளைச்சல் சரிந்தது.

பதினொரு வருடம் கழித்து, 1880-ல், காலனி அரசு வார்டை வரவழைத்தது. கேம்பிரிட்ஜில் படித்தவர், வயது இருபத்தைந்தைத் தொட்டிருந்தது. அவர் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவித் தோட்டத்தில் வைத்தார். பிறகு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். துருநோயின் வித்துகள் ஒட்டியிருந்தன. காற்றே நோயைச் சுமந்து போகிறது! இலைமேல் ஈரம் இருந்தால் வித்து முளைத்து, அடிப்பக்கத் துளைகள் வழியாக உள்ளே நுழைகிறது என்பதையும் காட்டினார். மழைத்துளி தெறிப்பதும் நோயைப் பரப்புகிறது என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துச் சொன்னார்கள்.

துரைமார் எதிர்பார்த்தது மருந்து. வார்டிடம் அது இல்லை. மலை மலையாக ஒரே செடியை இடைவெளியே இல்லாமல் நட்டதுதான் இந்த வேகத்துக்குக் காரணம் என்று அவர் எழுதியதை யார் ரசிப்பார்கள்? 1882-ல் ஊர் திரும்பிவிட்டார். 1884-ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி திவாலானது. கொஞ்ச காலம் சின்கோனா நட்டுப் பார்த்தார்கள். கடைசியில் தேயிலை. 1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டிருந்த அதே தேயிலை மலைகளை மூடியது.

இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. காபிக்கு அறுவடைக் காலத்தில்தான் நிறையக் கை வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கங்காணியின் பின்னால் போனவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்களில் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலை அப்படியில்லை. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறித்தாக வேண்டும், வருடம் முழுக்க. ஆகவே குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய் லயங்களில் குடியமர்த்தினார்கள். அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே புதைந்தார்கள்.

1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

என் டீமில் ஒரு கூடலூர்க்காரன் இருக்கிறான். அவன் பாட்டி அந்தக் கணக்கில் வந்தவர். இத்தனை வருடம் கழித்தும் ஊரில் 'சிலோன்காரங்க' என்பதுதான் அடையாளம். ஒருநாள் டீக்கடையில் உற்சாகமாக அவனிடம், "உங்க குடும்ப வரலாற்றையே ஒரு பூஞ்சை எழுதியிருக்குடா" என்றேன். அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "பூஞ்சையாடா சட்டம் போட்டுச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. சாஃப்ட்வேரில் ஏதாவது உடைந்தால் மூலகாரணம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது எங்கள் பழக்கம். ஒன்று கிடைத்ததும் நிம்மதியாகிவிடுவோம். வித்து பறந்தது உண்மை. ஆனால் மலையெல்லாம் ஒரே செடியை நட்டது, கூலி மலிவாகக் கிடைக்கும் இடத்திலிருந்து ஆளைக் கொண்டுவந்தது, உழைப்பை வாங்கிக்கொண்டு உரிமையை மறுத்தது எல்லாம் மனிதர்கள், பேரும் பதவியும் உள்ளவர்கள். காற்றின் மேல் பழியைப் போட்டால் அவர்களெல்லாம் தப்பித்துவிடுகிறார்கள்.

மேல் வீட்டுக் குழாயை அடைத்தாயிற்று. சுவர் காய்ந்துவிட்டது. வித்துகள் இந்த அறைக் காற்றில் இப்போதும் இருக்கும்.