நடுவர் உள்ள நிலவறை, நடுவர் இல்லாத நிலவறை

நிலவறைக்குள் புகுந்து, அரக்கர்களை வெட்டி, புதையலோடு வெளியேறும் பலகை ஆட்டங்களில் விதித் தகராறு எழாத மேசையே கிடையாது. ஆனால் ஹீரோக்வெஸ்டில் எழும் தகராறு வேறு, க்ளூம்ஹேவனில் எழும் தகராறு வேறு. முன்னதில் பெரும்பாலும் விதிப்புத்தகம் சுருக்கமாக விட்டுவிட்ட இடத்தில்தான் குரல் உயர்கிறது. பின்னதில் புத்தகம் தெளிவாகவே சொல்லியிருக்கும். பழைய ஆட்டங்களின் பழக்கத்தில் நாம் அதைப் படிக்காமல் தாண்டியிருப்போம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பல குழுக்கள் பாதி ஆட்டத்தில் பெட்டியை மூடுகின்றன.

ஹீரோக்வெஸ்ட் 1989-இல் வந்தது. மில்டன் பிராட்லி நிறுவனமும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பும் சேர்ந்து வெளியிட்ட இந்த ஆட்டத்தை வடிவமைத்தவர் ஸ்டீபன் பேக்கர். பார்பேரியன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி என நான்கு வீரர்கள் ஒரு பக்கம், மறுபக்கம் தனியொருவர். அவருக்கு அமெரிக்கப் பதிப்பில் ஸார்கான் என்றும் பிரிட்டிஷ் பதிப்பில் மோர்கார் என்றும் பெயர். எந்த அறையில் எந்தப் பொறி, எந்தப் பெட்டியில் எவ்வளவு தங்கம் என்பதெல்லாம் அவர் கையிலிருக்கும் சாகசக் குறிப்பேட்டில்தான் உண்டு. சந்தேகம் வந்தால் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது: தீர்ப்புச் சொல்பவரே எதிராளியாகவும் இருக்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருந்தாலும், தோற்கும் நிலையில் உள்ளவர்களுக்கு அது அழுகுணி ஆட்டமாகத் தெரியும்.

ஒரு சின்னக் காட்சியைப் பார்ப்போம். அறையிலிருந்த கடைசி காப்ளினும் செத்துவிட்டது. பார்பேரியன் புதையல் தேடி ஒரு சீட்டு எடுத்துவிட்டார். அடுத்து மந்திரவாதியும் தேட வேண்டும் என்கிறார். “இந்த அறையைத்தான் தேடி முடித்தாயிற்றே” என்கிறார் ஸார்கான். விதிப்படி மந்திரவாதி சொல்வதே சரி. அரக்கர் எவரும் இல்லாத அறையில் ஒவ்வொரு வீரரும் ஒருமுறை புதையல் தேடலாம். குறிப்பேட்டில் அந்த அறைக்கென்று தனிப் புதையல் எழுதியிருந்தால் மட்டும் முதலில் தேடியவருக்கு அது கிடைக்கும். அப்போது அவர் சீட்டு எடுப்பதில்லை. ஸார்கான் மறுப்பதில் அவருக்கே லாபமும் இல்லை. புதையல் சீட்டுக்கட்டில் அலைந்து திரியும் அரக்கன் சீட்டுகளும் இருக்கின்றன, உடல் புள்ளி நான்கே உள்ள மந்திரவாதிக்கு அவை ஒவ்வொன்றும் ஆபத்துதான். விதியைச் சரியாகப் படித்தால் பேராசைக்கான தண்டனை ஆட்டத்துக்குள்ளேயே இருப்பது புரியும்.

நகர்வது பற்றியும் இதேபோல ஒரு தவறு நடக்கும். இரண்டு பகடை உருட்டி எட்டு விழுந்தால், நான்கு கட்டம் போய் வெட்டிவிட்டு மீதி நான்கைப் பின்வாங்கப் பயன்படுத்துவார்கள். அது கூடாது. நகர்ந்துவிட்டுச் செயல், அல்லது செயல் முடித்து நகர்வு, இரண்டில் ஒன்றுதான்.

படித்துத் தீராத ஒரு குழப்பமும் ஹீரோக்வெஸ்டில் உண்டு. பிரிட்டிஷ் பதிப்பில் சாதாரண அரக்கர் எல்லாருக்கும் உடல் புள்ளி ஒன்றுதான். அமெரிக்கப் பதிப்பில் மம்மிக்கு இரண்டு, கேயாஸ் வாரியருக்கும் கார்காயிலுக்கும் மூன்று. வெவ்வேறு பெட்டியில் ஆடி வளர்ந்த இருவர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இருவரும் சரியாகச் சொல்லியே சண்டை போடுவார்கள். எந்தப் பதிப்பின்படி ஆடுகிறோம் என்பதை முதல் கதவைத் திறக்கும் முன்பே பேசி முடிப்பதுதான் இதற்கு வழி.

க்ளூம்ஹேவன் 2017-இல் வெளிவந்தது. ஐசக் சில்ட்ரஸ் வடிவமைத்து, செஃபலோஃபேர் கேம்ஸ் வெளியிட்டது. 95 காட்சிகள், 17 வகைப் பாத்திரங்கள். இதில் ஸார்கான் கிடையாது. அரக்கர்கள் சீட்டுகளின் கட்டளைப்படி தாமாக நடக்கிறார்கள். ஆகவே ஒரு மனிதர் “சரி, இப்படி வைத்துக்கொள்வோம்” என்று முடித்துவிடக்கூடிய ஒவ்வொன்றையும் விதியே முன்கூட்டி யோசித்துச் சொல்லியாக வேண்டும். சொல்லியும் இருக்கிறது. அரக்கன் யாரைக் குறிவைக்கும் என்ற விதியே இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு.

பெரும்பாலோர் இதை “பக்கத்தில் இருப்பவரை அடிக்கும்” என்று ஆடுகிறார்கள். குறுகிய வழியின் வாயில் ப்ரூட் என்ற பாத்திரம் நிற்கிறார் என்று வையுங்கள். அவரை எட்டி அடிக்கக்கூடிய இரண்டு அறுகோணக் கட்டங்களிலும் ஏற்கெனவே இரண்டு அரக்கர்கள் நிற்கிறார்கள். மூன்றாவது அரக்கன் பின்னால் இருக்கிறான், கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் அடிப்பவன். தள்ளி, திறந்த பாதையின் மறுமுனையில் இன்னொரு பாத்திரமான ஸ்பெல்வீவர். “பக்கத்து ஆள்” கணக்குப்படி அவன் ப்ரூட்டை அடிக்க வரிசையில் காத்திருக்க வேண்டும். விதி அப்படிச் சொல்லவில்லை. யாரைத் தாக்கக்கூடிய இடத்தை மிகக் குறைந்த நகர்வில் அடைய முடியுமோ அவரே இலக்கு. ப்ரூட்டைச் சுற்றி இடம் இல்லை. எனவே இந்த முறையில் போய்ச் சேர முடியாவிட்டாலும் அவன் ஸ்பெல்வீவரை நோக்கிக் கிளம்புகிறான். நகர்வுக் கணக்கு சமமாக வந்தால்தான் அருகாமை பார்க்கப்படும். அதுவும் சமமென்றால் முந்திச் செயல்படுபவர் இலக்காவார். வரிசையைப் புரட்டிப் போட்டு அருகாமையை முதலில் வைப்பதே எல்லாக் கோளாறுக்கும் வேர்.

பார்வைக்கோட்டிலும் இப்படித்தான். கட்டத்தின் நடுவிலிருந்து நடுவுக்குக் கோடு போடும் பழக்கம் ஹீரோக்வெஸ்டிலிருந்து வருகிறது, அங்கே அது சரி. க்ளூம்ஹேவனில் ஏதாவது ஒரு மூலையிலிருந்து எதிராளியின் ஏதாவது ஒரு மூலைக்கு, சுவரைத் தொடாமல் கோடு போக முடிந்தால் போதும். மேசை, பாறை போன்ற தடைகள் வழியை மறிக்கும், பார்வையை மறைக்காது.

கடினநிலையைக் கணக்கிடுவதில் நடக்கும் பிழை அமைதியாக ஆளைக் கொல்லும். பாத்திரங்களின் நிலைகளுக்குச் சராசரி கண்டு, அதைப் பாதியாக்கி, மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். எல்லாரும் நான்காம் நிலை என்றால் காட்சி இரண்டாம் நிலையில் நடக்கும். பாதியாக்க மறந்து நான்கில் ஆடும் குழு, விதிப்புத்தகம் ‘மிகக் கடினம்’ என்று வைத்திருக்கும் படியில் ஏறி நிற்கிறது. “இந்த ஆட்டம் அநியாயம்” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான்.

வீட்டு விதி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கும் என் பதில் இரண்டு. ஹீரோக்வெஸ்டில் தாராளமாக வைக்கலாம்; சந்தேகமான இடத்தில் ஸார்கான் வீரர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஆட்டம் முடிந்தபின் புத்தகத்தைப் பார்த்தால் போதும். அவர் மேல் நம்பிக்கை நிலைப்பது ஓர் அரக்கனின் உயிரைவிட மதிப்பு மிக்கது. க்ளூம்ஹேவனில் குறிவைக்கும் விதியில் மட்டும் கை வைக்காதீர்கள். அரக்கன் எங்கே போவான் என்று முன்கூட்டிக் கணித்துத்தான் அங்கே சீட்டு தேர்ந்தெடுக்கிறோம். அந்தக் கணிப்பு போய்விட்டால் ஆட்டமே போய்விடும். அங்கே ஆட்டத்தை நிறுத்திப் பக்கத்தைப் புரட்டுவதில் தவறில்லை.

க்ளூம்ஹேவனைப் புதிதாகத் தொடங்குவோர் அதே வரிசையில் 2020-இல் வந்த ஜாஸ் ஆஃப் தி லயன் பெட்டியில் ஆரம்பிக்கட்டும். அதன் முதல் ஐந்து காட்சிகள் விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆடவைத்தே கற்றுத் தருகின்றன. அதை முடித்து க்ளூம்ஹேவனுக்கு வருபவர்கள் அரக்கனை நகர்த்தும் முன் அவனுக்கான கட்டங்களை எண்ணிப் பார்ப்பார்கள்.