மும்பை, 2011: ‘இல்லை’ என்பதும் ஒரு முடிவே

ஹிக்ஸ் துகளின் வரலாற்றில் 2012 ஜூலை 4 முன்வரிசையில் நிற்கிறது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன், 2011 ஆகஸ்டு 22 முதல் 27 வரை மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய லெப்டான்–ஃபோட்டான் கருத்தரங்கோ ஓர் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது. அங்குக் கண்டுபிடிப்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனினும், வலுப்பிணைப்புக் கோட்பாடுகளின் வரலாற்றில் அந்த வாரத்துக்குத் தனியிடம் உண்டு.

டபிள்யூ, இசட் துகள்களுக்கு நிறை தரும் சமச்சீர்மை முறிவுக்கு அடிப்படைத் துகள் ஒன்று தேவையில்லை என்பதே அக்கோட்பாடுகளின் சாரம். மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணைசேர்வதைப் போல, புதிய வலுவிசையால் கட்டுண்ட துகள்களே அப்பணியைச் செய்யக்கூடும் என்று 1976இல் ஸ்டீவன் வைன்பெர்கும் 1979இல் லெனார்ட் சஸ்கிண்டும் வாதிட்டனர். இதற்கு ‘டெக்னிகலர்’ என்று பெயர். 1977இல் லீ, குவிக், தாக்கர் மூவரும் வேறொரு வழியில் எல்லையை வரையறுத்தனர்: சுமார் 1 டெரா எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் ஹிக்ஸ் இல்லையெனில், டபிள்யூ துகள்களின் மோதல் அவ்வாற்றலில் வலுவிசையாக மாறியே தீரும். ஆகவே, ‘ஹிக்ஸ் இல்லை’ என்ற விடையும் இயற்பியலுக்கு ஒரு செய்தியே.

1990இல் பெஸ்கினும் டகேயுச்சியும் எஸ் என்னும் அளவுருவை முன்வைத்தனர். லெப் முடுக்கியின் நுண்ணளவீடுகள் எளிய டெக்னிகலர் மாதிரிகளுக்கு எதிராகவே அமைந்தன. ஆயினும் அது இறுதித் தீர்ப்பாகவில்லை. வலுப்பிணைப்பில் தோராயக் கணக்குமுறை பயன்படாது. எஸ் மதிப்பு பெரும்பாலும் அணுக்கரு வலுவிசையை ஒப்புமையாகக் கொண்டே கணிக்கப்பட்டது. அவ்வொப்புமை பொருந்தாத மாதிரிகளை முன்வைக்க இடமிருந்தது.

மும்பையில் நிகழ்ந்தது இப்பின்னணியில்தான். ஒரு மாதத்துக்கு முன் கிரெனோபிள் மாநாட்டில் காட்டப்பட்ட, 140 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டிய மிகுதி, கூடுதல் தரவு சேர்ந்ததும் மங்கியது. அட்லஸ் குழு 146 முதல் 466 வரையிலான பரப்பை, இரு குறுகிய இடைவெளிகள் நீங்கலாக, 95 விழுக்காட்டு நம்பகத்தில் விலக்கியது. டாட்டா நிறுவனம் வெளிப்புறக் கலோரிமானி அமைத்துத் தந்த சி.எம்.எஸ். கருவியின் முடிவும் இதை ஒத்திருந்தது. லெப் விட்டுச்சென்ற 114.4 என்னும் கீழெல்லைக்கும் மும்பை வகுத்த மேலெல்லைக்கும் நடுவே ஏறக்குறைய 30 அலகு அகலமுள்ள ஒரு வாயிலே இலகுவான ஹிக்ஸுக்கு எஞ்சியது. அதுவும் வெறுமையாக இருந்திருந்தால், வலுப்பிணைப்பே முதன்மை வாய்ப்பாக உயர்ந்திருக்கும்.

வாயிலில் 125இல் ஒரு துகள் நின்றது. ஹிக்ஸற்ற எளிய டெக்னிகலர் அத்துடன் வீழ்ந்தது. வலுப்பிணைப்பு முழுமையாக வீழவில்லை. 1984இல் ஜியார்ஜியும் கப்லனும் முன்வைத்த கூட்டு ஹிக்ஸ் கருத்தில், அத்துகளே வலுவிசையின் விளைவு. ஹிக்ஸின் பிணைப்பு அளவீடுகளும் டபிள்யூ இணைகளின் மோதலும் இன்று அதைச் சோதிக்கின்றன. ‘உண்டா?’ என்ற கேள்வி ‘அடிப்படைத் துகளா, கூட்டுத் துகளா?’ என்று மாறியிருக்கிறது. விலக்கியவற்றின் பட்டியலை விட்டுவிட்டு எழுதப்படும் அறிவியல் வரலாறு, கண்டறிந்தவற்றின் பொருளையும் குறைத்தே சொல்லும்.