கைத்தடியின் கணக்கு

அவலூர்பேட்டைச் சந்தைக்கு நடந்தே வந்து பழகிய பெரியோர் சிலர், இடுப்பில் மூட்டுவாதம் கண்டதும் திண்ணையோடு அமர்ந்துவிடுகின்றனர். கைத்தடி ஊன்றவும் நாணுகின்றனர். மருத்துவ வரலாறு கூறும் பாடம் வேறு.

ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் சாயாதவாறு இடுப்பின் பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அவ்விழுப்பும் சேர்ந்து, உடல் எடையைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட சுமை மூட்டின்மீது விழுகிறது. ஜெர்மன் மருத்துவர் பவுவல்ஸ் 1935-இல் இக்கணக்கை விளக்கினார். வலியற்ற பக்கத்துக் கையில் தடி ஊன்றினால் இழுப்புக் குறையும், சுமையும் குறையும். ஆதலின், கைத்தடியை எறிந்துவிடாதீர் என 1956-இல் அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் பிளவுண்ட் வாதிட்டார்.

1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, உலோகத் தலையும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தி வெற்றி கண்டார். எனினும் அறுவை, மிகத் தேய்ந்த மூட்டுக்கே உரியது. அதற்கு முன் செய்யத்தக்கது பயிற்சியே என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு. ஓய்ந்திருந்தால் தசை மெலியும். மெலிந்த தசை மூட்டைத் தாங்காது. சமதரையில் சிறு நடை, படுத்தவாறு காலைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்துதல் ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம்.

உங்கள் இல்லத்துப் பாட்டனார் பாட்டியார் கையில் தடியைக் கொடுங்கள்; நாள்தோறும் சிறிது தூரம் உடன் நடங்கள்.