சர்க்கிளிப்

சுழலும் தண்டின் மேற்புறத்திலோ துளையின் உட்புறத்திலோ வெட்டப்பட்ட சிறு காடியில் தன் விறைப்பினாலேயே அமர்ந்து, அங்கே பொருத்தப்பெற்ற பற்சக்கரம், பேரிங், கப்பி முதலிய உறுப்புகள் அச்சின் திசையில் நகர்ந்துவிடாதபடி தடுத்து நிற்பதும், வேண்டும்போது கழற்றி எடுக்கத்தக்கதுமான ஸ்பிரிங் எஃகு வளையம் சர்க்கிளிப் எனப்படும். பட்டறைகளில் 'லாக்' என்று சுருக்கமாகச் சொல்வாரும் உண்டு. மரையும் நட்டும், அவை கழலாதிருக்க ஊசியும் கொண்டு சாதிக்கவேண்டிய காரியத்தை, லேத்தில் வெட்டிய ஒரு காடியையும் மெல்லிய வளையம் ஒன்றையும் கொண்டு முடித்துவிடுவதே இதன் விசேஷம்.

தண்டின்மேல் அமர்வது, துளைக்குள் அமர்வது என இது இருவகைப்படும். ஜெர்மானியத் தர நிர்ணயத்தில் முன்னதற்கு டின் 471 என்றும் பின்னதற்கு டின் 472 என்றும் எண்கள் உண்டு. வளையம் முழு வட்டமாக இராமல் ஓரிடத்தில் திறந்திருக்க, அத்திறப்பின் இரு முனைகளிலும் உள்ள சிறு துளைகளில் சர்க்கிளிப் பிளையரின் கூர்முனைகளை நுழைத்து, தண்டு வளையமாயின் விரித்தும், துளை வளையமாயின் குறுக்கியும் அதனை இடத்திற்குக் கொண்டுசெல்வர். திறப்புக்கு நேர் எதிரே அகன்றும் முனைகளை நோக்கி வரவரக் குறுகியும் பிறைபோல் இது அமைந்திருப்பது அழகுக்காக அன்று. எங்கும் ஒரே அகலமாக இருந்தால் விரிக்கும்போது வளைவு முழுவதும் நடுப்பகுதியிலேயே குவிந்து வட்ட வடிவம் கெட்டுவிடும் என்பதே காரணம்.

20 மி.மீ. தண்டுக்குரிய வளையத்தின் உள்விட்டம் 18.5 மி.மீ.; அது சென்று அமரும் காடியின் விட்டமோ 19 மி.மீ. ஆகவே தண்டின்மேல் ஏறுகையில் விரிந்த வளையம், காடியில் விழுந்த பின்னரும் முழுவதும் தளர்ந்துவிடாமல் அதனை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஏற்றும்போது வேண்டியதற்குமேல் விரிக்கப்பட்ட வளையம் இந்தப் பிடிப்பை இழந்துவிடுமாதலால், காடியில் தொளதொளவென்று ஆடும் சர்க்கிளிப்பை மறுபடி உபயோகிப்பது சிக்கனமாகாது.

வளையம் தெறித்துவிட்டது என்று கேள்விப்பட்டவுடன் எஃகின் தரத்தைக் குறை கூறுவது வழக்கமெனினும், பாரத்தை இறுதியில் ஏற்பது காடியின் சுவரே என்பதைப் பலர் கருதிப்பார்ப்பதில்லை. மேற்சொன்ன தண்டில் காடியின் ஆழம் அரை மில்லிமீட்டரே. மிருதுவான உலோகத்தில் வெட்டப்பட்டதாயினும், மூலை மழுங்கியதாயினும், காடிக்கு அப்பால் முனை வரை போதிய உலோகம் மிஞ்சாததாயினும், சுவர் நசுங்கி வளையம் கூம்பாகச் சாய்ந்து வெளியேறும். தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட வளையத்தில் ஒரு பக்க விளிம்பு சற்றே உருண்டும் மறுபக்க விளிம்பு கூராகவும் இருக்கும்; தள்ளும் உறுப்பைப் பார்த்து உருண்ட பக்கமும், பாரம் ஏற்கும் காடிச்சுவரைப் பார்த்துக் கூரிய பக்கமும் இருக்குமாறு மாட்டுவதே முறை. வேகத்திற்கும் ஓர் எல்லை உண்டு: தண்டு வளையம் மிகுந்த வேகத்தில் சுழலும்போது மையவிலக்கு விசையால் விரிந்து காடியின் அடியை விட்டு எழும்பத் தொடங்கும்; துளை வளையத்திற்கு அதே விசை அனுகூலமாகி அதனை மேலும் அழுத்தும்.

பிஸ்டன் பின்னின் இரு முனைகளையும் காக்கும் கம்பி வளையங்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அவற்றின் திறப்பைப் பிஸ்டன் ஓடும் திசையில், அதாவது மேலாகவோ கீழாகவோ வைத்து மாட்டுவர். பக்கவாட்டில் வைத்தால், பிஸ்டன் திசை மாறும் ஒவ்வொரு தடவையும் வளையத்தின் கைகளில் ஒன்று தன் ஜடத்துவத்தினால் காடியை விட்டு விலக முற்படும். விலகிவிட்டாலோ, பின் நகர்ந்து சிலிண்டரின் சுவரைக் கீறிவிடும். இங்கே பழைய வளையத்தை மீண்டும் போடுவது மன்னிக்கத்தகாத அஜாக்கிரதை.

பக்கவாட்டிலிருந்தே அழுத்திப் பொருத்தும் ஈ வடிவக் கிளிப்பும், மோட்டார் சைக்கிள் சங்கிலியின் இணைப்புக் கண்ணியைப் பூட்டும் செயின் லாக்கும் இதன் இனத்தவை. பின்னதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். திருப்பி மாட்டினால், எதிர்ப்படும் எந்தப் பொருளும் திறந்த முனையில் உராய்ந்து அதனைக் கழற்றிவிடக் கூடும்.