கல்லூரி ஆய்வேடு: எழுதும் முறையும் அமைப்பும்

திருத்தணியில் 1888-ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சென்னை கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு 1908-ல் நூலாக வந்தது. வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதே அதன் நோக்கம். ஒரு கேள்வி, அதற்குச் சான்றுகளுடன் ஒரு பதில். ஆய்வேடு என்றால் இன்றும் இதுதான்.

நம் பிள்ளைகளில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வழிகாட்ட வீட்டில் ஆளில்லாததால், இறுதியாண்டு புராஜெக்டைப் பணம் கொடுத்து எழுதி வாங்குவோரும் உண்டு. முறை தெரிந்தால் அதற்குத் தேவையே இல்லை.

தலைப்பு

'எல்லைப் போராட்டம்' என்பது மிகப் பரந்த தலைப்பு. '1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துடன் இணைந்தபின் திருத்தணிப் பள்ளிகளில் பயிற்றுமொழி எப்படி மாறியது?' என்பது ஆய்வுக் கேள்வி. ஓர் ஆண்டுக்குள் விடை தேட முடிகிற அளவுக்குத் தலைப்பைச் சுருக்குங்கள்.

சான்றுகள்

இந்தத் தலைப்புக்கு 1959-ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம், எழும்பூர் ஆவணக் காப்பகம், பழைய நாளிதழ்கள், அன்று பள்ளியில் படித்த முதியவர்களின் நேர்காணல் ஆகியவை உதவும். பிறர் எழுதிய ஆய்வேடுகளை 'சோத்கங்கா' இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். படிக்கும்போதே நூலாசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நேர்காணல் என்றால் அனுமதி பெற்று, நாளையும் இடத்தையும் எழுதிவையுங்கள்.

அமைப்பு

முகப்பு, வழிகாட்டியின் சான்றிதழ், மாணவர் உறுதிமொழி, பொருளடக்கம், முன்னுரை, இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு என்பது பொதுவான வரிசை. முன்னுரையில் கேள்வி, முந்தைய ஆய்வுகள், ஆய்வுமுறை மூன்றும் இடம்பெற வேண்டும். முன்னுரையில் எழுப்பிய கேள்விக்கு முடிவுரையில் விடை இருக்க வேண்டும். ஏ4 தாள், 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, பைண்டிங்குக்காக இடப்பக்கம் கூடுதல் ஓரம் ஆகியவை பரவலான வழக்கம். ஆனால் உங்கள் துறை தரும் விதியே இறுதியானது. தமிழில் தட்டச்சு செய்வோர் யூனிகோட் எழுத்துருவைப் பயன்படுத்தினால், வேறு கணினியில் திறந்தாலும் எழுத்து சிதையாது.

கருத்துத் திருட்டு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 சதவீதம் வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத காலக்கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால், திருத்திய ஆய்வேட்டைத் தர ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மேற்கோள் குறியிட்டு, மூலத்தைச் சொல்லி எடுத்தாள்வது இந்தக் கணக்கில் சேராது. வார்த்தைகளை மட்டும் மாற்றி எழுதினாலும் கருத்து யாருடையது என்று சொல்லியாக வேண்டும்.

பெற்றோர்களே, "புராஜெக்ட் முடிந்ததா?" என்பதோடு நிறுத்தாமல், "உன் கேள்வி என்ன, என்ன கண்டுபிடித்தாய்?" என்றும் கேளுங்கள். வாய்மொழித் தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள். தானே எழுதிய பிள்ளை தயங்காமல் பதில் சொல்லும்.