ஹோவர்டைட் விண்கற்கள்: பத்து விழுக்காட்டுக் கோடும் அருங்காட்சியகச் சீட்டும்

அண்டார்க்டிகாவின் பெக்கோரா எஸ்கார்ப்மென்ட் பனிவெளியில் 2002-இல் திரட்டிய விண்கற்களுள் ஒன்பது ஹோவர்டைட் என்றும் இரண்டு டயோஜெனைட் என்றும் பதிவாயின. காஸ்மிக் கதிர்கள் அவற்றுள் உண்டாக்கியிருந்த கதிரியக்க ஐசோடோப்புகளை அளந்தபோது வேறொரு செய்தி வெளிப்பட்டது. ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமுள்ள ஒரே கல்தான் வளிமண்டலத்துக்குள் நுழைந்து உடைந்து பதினொன்றாகக் கிடைத்திருக்கிறது. 2012-இல் பெக் குழுவினர் இதை வெளியிட்டனர். ஒரே கல்லின் துண்டுகள் இரண்டு வகைப் பெயர்களோடு பட்டியலில் நிற்கின்றன. வகைப்படுத்தியவர்கள் தவறு செய்யவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தம் கையிலிருந்த துண்டுக்கு ஒவ்வொருவரும் சரியான பெயரையே இட்டார்கள்.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுதான்: ஹோவர்டைட் என்பது ஒரு கலவையின் பெயர். ஆகவே அது முழுக் கல்லைக் காட்டிலும் சோதனைக்கு எடுத்த துண்டையே சார்ந்தது. எவ்வளவு பரப்பு பார்க்கப்பட்டது, கலவை விகிதம் என்ன, யார் எந்த ஆண்டில் முடிவு செய்தார்கள் என்ற விவரங்கள் இல்லாமல் அருங்காட்சியகச் சீட்டில் நிற்கும் ‘ஹோவர்டைட்’ பாதிப் பதிவுதான்.

முதலில் கலவையின் கூறுகள். யூக்ரைட் என்பது எரிமலைக்குழம்பு மேற்பரப்பிலோ அதற்குச் சற்றுக் கீழோ உறைந்த பசால்ட் வகைப் பாறை. பிஜியனைட் என்னும் பைராக்சீனும் கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸும் அதன் முதன்மைக் கனிமங்கள். டயோஜெனைட் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்தது. பெரும்பகுதி மக்னீசியம் மிகுந்த ஆர்த்தோபைராக்சீன். இவ்விரண்டும் மோதல்களில் நொறுங்கி, ஒன்றோடொன்று கலந்து, மீண்டும் இறுகிய பிரெச்சியாவே ஹோவர்டைட். அறுத்த முகத்தைக் கை லென்ஸில் பார்த்தால் சாம்பல் நிறத் தூள் நிரவலுக்குள் வெண்மையான பிளேஜியோகிளேஸ் சில்லுகளும், வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த ஆர்த்தோபைராக்சீன் பருக்கைகளும், நுண்மணிப் பசால்ட் துணுக்குகளும், அங்கங்கே கரிய கார்பன் காண்ட்ரைட் துகள்களும் தெரியும். மாவு போன்ற தூளிலிருந்து சென்டிமீட்டர் அளவுத் துணுக்கு வரை எல்லா அளவும் ஒரே கல்லில் உண்டு. பின்னால் வரும் சிக்கல்கள் அனைத்துக்கும் வேர் இந்த அளவு வேறுபாடே.

பெயரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்வர்ட் ஹோவர்ட் 1802-இல் விண்கற்களின் வேதியியல் பகுப்பாய்வை வெளியிட்டு, அவை பூமிக்கு அப்பாலிருந்து வந்தவை என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தவர். அவர் ஆராய்ந்த காசி, சியேனா, வோல்ட் காட்டேஜ், போகிமியக் கற்கள் எல்லாம் காண்ட்ரைட்டுகள்; அவற்றுள் ஹோவர்டைட் எதுவும் இல்லை. பெர்லின் சேகரிப்பை ஒழுங்குபடுத்திய குஸ்தாவ் ரோஸ், 1863-இல் அவர் நினைவாக இப்பெயரை நிலைநிறுத்தினார். ரோஸின் பிரிவு கனிமங்களை வைத்து அமைந்தது. பல மூலங்களின் துணுக்குகள் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. வியன்னாவில் செர்மாக்கும் பிரெசினாவும் அத்திட்டத்தை விரித்தார்கள். லண்டனில் ஜி. டி. பிரையர் 1920-இல் அதை வேதியியல் அடிப்படையில் மாற்றியமைத்தார். ஒற்றை மூலப் பிரெச்சியா, பன்மூலப் பிரெச்சியா என்ற வேறுபாட்டை 1952-இல் வால் கொண்டுவந்தார். டியூக்கும் சில்வரும் 1967-இல் அதை இக்கற்களுக்குப் பொருத்தி, ஒற்றை மூலத்தவை யூக்ரைட், பன்மூலத்தவை ஹோவர்டைட் என்று தெளிவுபடுத்தினர்.

ஆக, ஒரே சொல்லின் அளவுகோல் ஏறத்தாழ நூறாண்டுகளில் கனிமத்திலிருந்து வேதியியலுக்கும், அங்கிருந்து பாறையின் பிறப்பு முறைக்கும் நகர்ந்துவிட்டது. கற்கள் இடம் மாறின. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1912-இல் கிடைத்த பிண்டா விண்கல் நெடுங்காலம் ஹோவர்டைட்டாக இருந்தது. இன்று அது திரள்படிவு யூக்ரைட். 1827-இல் விழுந்த பியாலிஸ்டாக் கல்லும் ஹோவர்டைட் என்று பெயர்பெற்றிருந்து இப்போது பன்மூல யூக்ரைட்டாகியிருக்கிறது. ஐரோப்பியச் சேகரிப்புகள் துண்டுகளைத் தமக்குள் பரிமாறிக்கொண்டே வளர்ந்தவை. ஒரு துண்டோடு பயணித்த சீட்டு எந்த இலக்கணப்படி எழுதப்பட்டது என்பது ஆண்டு இல்லாவிட்டால் தெரியாது. பழைய சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பெயரை மட்டும் ஒட்டும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பதற்குக் காரணம் இதுவே. பழைய சீட்டு பிழையென்று கருதத்தக்கதல்ல. அது வேறொரு அளவுகோலின் சான்று.

இன்று புழக்கத்திலுள்ள கோடு அண்டார்க்டிகக் கற்களால் வந்தது. யமாட்டோ, ஆலன் ஹில்ஸ் பனிவெளிகளிலிருந்து, பல வகை யூக்ரைட் துணுக்குகள் கலந்தும் டயோஜெனைட் மிகக் குறைவாகவே கொண்ட கற்கள் கிடைத்தன. ஆலன் ஹில்ஸ் 76005 அவற்றுள் நன்கறியப்பட்டது. இவற்றை ஹோவர்டைட் எனக் கொள்வதா, யூக்ரைட் எனக் கொள்வதா என்ற தடுமாற்றத்துக்கு 1983-இல் டிலேனி, தக்கேதா, பிரின்ஸ் முதலியோர் ஒரு பெயரிடல் முறையைத் தந்தனர். டயோஜெனைட் கூறு 10 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பன்மூல யூக்ரைட், யூக்ரைட் கூறு 10-க்குக் குறைந்தால் பன்மூல டயோஜெனைட், இடைப்பட்டதெல்லாம் ஹோவர்டைட். இது வசதிக்காகப் போட்ட கோடு. இயற்கையில் அந்த இடத்தில் எந்தப் பிளவும் இல்லை. வசதிக்கான கோடு என்பதால் மட்டும் அது குறையுடையதாகிவிடாது. அதை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதில்தான் குறை.

அளக்கும் முறையை அருகிலிருந்து பார்ப்போம். கல்லிலிருந்து ஒரு சில்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியிலோ மின்னணு நுண்பகுப்பாய்வுக் கருவியிலோ கனிமங்களை எண்ணுகிறார்கள். சீவலின் பாறைப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது 100 சதுர மி.மீ. என்று கொள்வோம். பத்து விழுக்காடு என்பது 10 சதுர மி.மீ. சுமார் 3.6 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு டயோஜெனைட் துணுக்கு அந்தப் பரப்பை நிரப்பிவிடும். அவ்வளவு பெரிய துணுக்குகள் ஹோவர்டைட்டுகளில் அரிதல்ல. அறுப்பு வாள் சில மில்லிமீட்டர் தள்ளி இறங்கியிருந்தால் அதே கல் பன்மூல யூக்ரைட்டாகப் பதிவாகியிருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சீராக வெந்த பானைக்குப் பொருந்தும். ஒற்றை மூல யூக்ரைட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஹோவர்டைட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

சீவலை விட்டுவிட்டுப் பல கிராம் தூளின் மொத்த வேதியியலை நம்பலாமே என்று கேட்கலாம். பாதி தூரம் அது உதவும். யூக்ரைட்டில் அலுமினா 12, 13 விழுக்காடு. டயோஜெனைட்டில் ஒன்றை ஒட்டி. நடுப்பகுதிக் கலவைகளை இது நன்றாகவே பிரித்துக் காட்டும். ஆனால் கோட்டின் அருகில் கை விரித்துவிடுகிறது. யூக்ரைட்டோடு பத்து விழுக்காடு டயோஜெனைட் சேர்ந்தால் அலுமினா ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுப் புள்ளிதான் குறையும். யூக்ரைட்டுகள் தமக்குள்ளேயே அவ்வளவு வேறுபடுகின்றன. மக்னீசியம் மிகுந்த திரள்படிவு யூக்ரைட் துணுக்குகள் கலந்திருந்தால் குழப்பம் மேலும் கூடும். துணுக்குகளை அடையாளம் காணச் சீவலும், சராசரியை நிறுத்தத் தூளும் சேர்ந்தே தேவை.

அப்படியானால் இந்த வகையையே கைவிட்டு, கலவை விகிதத்தை மட்டும் எண்ணாக எழுதலாமா? வாதம் கவர்ச்சியானது, எனக்கு அதில் உடன்பாடில்லை. இக்கற்களின் தாய்க்கோளாகக் கருதப்படும் வெஸ்டா சிறுகோளை 2011 முதல் 2012 வரை சுற்றிவந்த டான் விண்கலம், அதன் மேற்பரப்பின் பெரும்பகுதி யூக்ரைட்டும் டயோஜெனைட்டும் கலந்த பொடிமண் என்று காட்டியது. கரிய திட்டுகளோடு ஹைட்ரஜன் மிகுந்திருப்பதும் தெரிந்தது. கார்பன் காண்ட்ரைட்டுகள் வந்து மோதிக் கலந்ததற்கு அது அடையாளம். அதே கரிய துணுக்குகள் 1905 அக்டோபர் 29 அன்று மயூர்பஞ்சில் விழுந்த போல்காட்டி ஹோவர்டைட்டிலும் இருக்கின்றன. 1942-இல் அன்றைய சூடானில் விழுந்த கபோயெட்டாவின் கரும்பகுதிகளில் சூரியக் காற்று பதித்த மந்த வாயுக்கள் செறிந்திருக்கின்றன, வெளிர்ப்பகுதிகளில் அப்படியில்லை. அந்தத் தூள் ஒரு காலத்தில் வானத்தை நோக்கித் திறந்து கிடந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. ஹோவர்டைட் என்ற சொல் இந்த வரலாற்றைச் சுமக்கிறது. வெறும் விகித எண்ணால் அதைச் சுமக்க முடியாது.

ஆனால் அந்த வரலாற்றைச் சோதிக்காமலே சீட்டில் எழுதிவிடக் கூடாது. 2009-இல் வாரன் குழுவினர் ஹோவர்டைட்டுகளை மேற்பரப்பு மண்ணால் ஆனவை, வெறும் உடைதுண்டுகளால் ஆனவை என்று இரண்டாகப் பிரித்தனர். கிலோவுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் நிக்கலும், 8 முதல் 9 விழுக்காட்டுக்குள் அலுமினாவும் மேற்பரப்பு மண்ணுக்கு அடையாளம் என்றனர். கார்ட்ரைட் குழுவினர் 2013-லும் 2014-லும் மந்த வாயுக்களை நேரடியாக அளந்து, அவ்வடையாளங்களுக்கும் சூரிய வாயுக்களுக்கும் உறுதியான பொருத்தம் இல்லை என்று காட்டினர். இது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை. கரிய கார்பன் காண்ட்ரைட்டில் நிக்கல் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆகவே எடையில் இரண்டரை விழுக்காடு அத்தகைய துணுக்கு கலந்தாலே 300 என்ற எல்லை தாண்டப்படும். மோதிய பொருள் எவ்வளவு சேர்ந்தது என்பதை நிக்கல் சொல்லும். அந்தத் தூள் எவ்வளவு காலம் வெயிலில் கிடந்தது என்பதைச் சொல்லாது. வாயு அளவீடு இல்லாத கல்லுக்கு மேற்பரப்பு மண் என்ற அடைமொழியைத் தரக் கூடாது.

தாய்க்கோளைப் பற்றிய செய்திக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். மெக்கார்ட் குழுவினர் 1970-இல் வெஸ்டாவின் நிறமாலையை யூக்ரைட்டோடு ஒப்பிட்டது முதல் சான்றுகள் குவிந்துள்ளன. 2015-இல் துருக்கியில் விழுந்த சரிச்சிச்செக் ஹோவர்டைட்டை வெஸ்டாவின் ஆன்டோனியா பள்ளத்தோடும் 22 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மோதலோடும் இணைக்க முடிந்திருக்கிறது. அவ்விணைப்பு எனக்கு ஏற்புடையதே. ஆயினும் 2007-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த பன்பரா ராக்ஹோல், தோற்றத்தில் யூக்ரைட்டைப் போன்றிருந்தும் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தில் விலகி நிற்கிறது; அதன் தாய்க்கோள் வேறாக இருக்கக்கூடும். பார்வைக் கூடத்துப் பலகையில் ‘வெஸ்டாவிலிருந்து வந்தது’ என்று எழுதுவதில் தவறில்லை. பதிவேட்டில் வகைக்கு ஒரு பத்தியும் மூலத்துக்கு வேறொரு பத்தியும் இருக்க வேண்டும்.

பாலைவனக் கற்களில் நிலைமை மேலும் இறுக்கமானது. புதிய விண்கல்லுக்குப் பெயர் பெற வேண்டுமானால், 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 விழுக்காடு, இவற்றுள் எது குறைவோ அதை ஓர் ஏற்புடைய நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விண்கல் சங்கத்தின் விதி. முதன்மைத் துண்டு பெரும்பாலும் வணிகர்களிடமோ தனியாரிடமோ போய்விடும். இவ்வகைப் பாறையில் 20 கிராம் என்பது இரண்டு சென்டிமீட்டர் பக்கம்கூட இல்லாத ஒரு கனசதுரம். காண்ட்ரைட்டுக்கு அது போதும். ஹோவர்டைட்டுக்கு அது ஒரு பெரிய துணுக்கின் அளவு. பன்மூலப் பிரெச்சியாக்களுக்கு இக்குறைந்தபட்ச அளவை உயர்த்த வேண்டும். முடியாதபோது, ஒப்படைக்கும் முன் முதன்மைத் துண்டின் அறுத்த முகங்கள் அனைத்தையும் அளவுகோலோடு படமெடுத்துப் பதிவில் சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் இதைத் தொடங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1994 அக்டோபர் 30 அன்று ஜோத்பூர் மாவட்டத்தில் விழுந்த லோஹாவட் சுமார் 40 கிலோ எடையுள்ள ஹோவர்டைட். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு அதன் கனிமங்களையும் வேதியியலையும் காஸ்மிக் கதிர் விளைவுகளையும் 2001-இல் வெளியிட்டுவிட்டது. அவ்வளவு எடையுள்ள கல்லில் ஒன்றுக்கொன்று தொலைவான பல இடங்களிலிருந்து சீவல்கள் எடுத்து, டயோஜெனைட் விகிதம் இடத்துக்கு இடம் எவ்வளவு ஊசலாடுகிறது என்று அளக்கலாம். அந்த ஊசலாட்டம் தெரிந்தால், ஒற்றைச் சீவலை மட்டும் நம்பி ‘ஹோவர்டைட்’ என்றோ ‘பன்மூல யூக்ரைட்’ என்றோ எழுதப்பட்ட சீட்டுகளுக்கு எவ்வளவு பிழை வரம்பு தரலாம் என்பதை எண்ணால் சொல்ல முடியும். போல்காட்டி போன்ற சிறிய கற்களை மேலும் அறுக்கத் தேவையில்லை. எக்ஸ்-கதிர் ஊடுபடத்தால் உள்ளிருக்கும் பெரிய துணுக்குகளைக் கல்லைத் தொடாமலே எண்ணலாம். அதன் பிறகு சீட்டு இப்படி இருக்கும்: ஹோவர்டைட், டயோஜெனைட் கூறு இத்தனை விழுக்காடு, பிழை இத்தனை, பார்த்த பரப்பு இத்தனை சதுர மில்லிமீட்டர், சூரிய வாயு அளக்கப்பட்டது அல்லது அளக்கப்படவில்லை, முடிவு செய்தவர், ஆண்டு, முந்தைய பெயர்கள், அவற்றின் ஆண்டுகள்.