நன்னடத்தை அறிக்கை பிறந்த கதை

திற்பரப்பு அருவிக்கரைக் கூட்டத்தில் யாருடைய செல்போனையோ எடுத்து மாட்டிக்கொண்ட 20 வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். குலசேகரம் ஸ்டேஷனில் போடும் எஃப்.ஐ.ஆரில் போன் என்ன கம்பெனி, எத்தனை மணிக்குப் போனது என்பதெல்லாம் இருக்கும். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரா, வீட்டில் கண்டிக்க ஆளுண்டா என்பது இருக்காது. அதை எழுதவென்றே ஒரு தாள் உண்டு: நன்னடத்தை அலுவலரின் அறிக்கை.

அதன் மூலத்தைத் தேடினால் பாஸ்டன் நகரில் போய் நிற்கும். 1841-இல் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைக்கும் தொழிலாளி, கோர்ட்டில் நின்ற குடிகாரன் ஒருவனை ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கூட்டி வந்தபோது ஆளே மாறியிருந்தான். அபராதம் ஒரு சென்ட், கோர்ட் செலவு தனி. 1859-இல் சாகும்வரை அகஸ்டஸுக்கு இதுவே வேலையானது. எடுக்கும் முன் ஆளின் வயது, பழைய நடத்தை, கூட்டாளிகள் எல்லாம் விசாரிப்பார். எடுத்தபின் எப்படி இருக்கிறான் என்று கோர்ட்டுக்குச் சொல்வார். சிறைக்குப் போகும் ஆளுக்கு இவ்வளவு என்று காசு பார்த்த கோர்ட் சேவகர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. பிழைப்பில் கைவைத்தால் கோபம் வராதா!

இந்தியாவில் 1931-இல் நன்னடத்தை குறித்த மத்திய அரசின் மசோதா மாகாணங்களைச் சுற்றிக் கிடப்பில் விழுந்தது. சென்னை மாகாணம் 1936-இல் தனிச் சட்டமே போட்டுக்கொண்டது. திற்பரப்பு அப்போது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல்தான் சென்னையோடு சேர்ந்தது. 1958-இல் நாடு முழுமைக்குமான நன்னடத்தைச் சட்டம் வந்தது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், 21 வயதுக்குக் கீழுள்ளவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் இந்த அறிக்கையைக் கேட்டாக வேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. அறிக்கை ரகசியம் என்கிறது 7-ஆம் பிரிவு. சாரத்தை மட்டும் குற்றவாளிக்குச் சொல்லலாம். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஒருவர் விடுப்பில் ஊருக்கு வர மனுப் போட்டாலும் இந்த அலுவலரிடம்தான் கருத்துக் கேட்கிறார்கள்.

வழக்குத் தகவல்களைப் பகிர்வதற்கென்று, 2022-இல் 3,375 கோடி ரூபாயில் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற ஐ.சி.ஜே.எஸ். கணினி வலை, போலீஸ், நீதிமன்றம், சிறை, தடய அறிவியல், அரசு வழக்குத்துறை என ஐந்து தூண்களை இணைக்கிறது. நன்னடத்தை அலுவலருக்கென்று தனித் தூண் இல்லை. வீட்டுச் சங்கதி எல்லோர் திரையிலும் ஓட வேண்டாம், சரிதான். ஆனால் சிறைக்கு அனுப்பாமல் இந்த அலுவலரின் கண்காணிப்பில் விட்ட பையன்மேல் மார்த்தாண்டத்தில் இன்னொரு வழக்கு விழுந்தால், அது முதலில் தெரிய வேண்டியது அவருக்குத்தானே?